கூட்ஸ் வண்டியும் க்ளிக் த்ரீயும்

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால், 1853-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்குப் போன வண்டியைத்தான் எல்லோரும் சொல்வோம். பீரங்கி முழக்கம், பாடப்புத்தகம், நூற்றாண்டுத் தபால்தலை எல்லாம் அதற்குத்தான் கிடைத்தன. அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு ரயில் ஓடியிருக்கிறது. அது ஏற்றிப்போனது சாலை போடும் கல். கல்லுக்கு யார் பீரங்கி முழக்குவார்கள்? அந்த வண்டிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. போட்டோ பிடிக்கிற வித்தையைப் பாரிஸில் டாகேர் உலகத்துக்கு அறிவித்ததே 1839-ல்தான்.

ஆக, சரக்கு ரயிலுக்கும் கேமராவுக்கும் நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே ஜாதகம் பொருந்தவில்லை. அன்று வண்டி இருந்தது, கேமரா இல்லை. என் வாலிபத்தில் இரண்டும் இருந்தன, எடுக்க விடமாட்டார்கள். இன்று வண்டி இருக்கிறது, ஆளுக்கொரு கேமரா இருக்கிறது, கேட்பாரும் இல்லை. படத்தில் விழுவதற்குச் சரக்கைத்தான் காணோம்.

எழுபதுகளின் கடைசியில் என் சித்தப்பாவுக்கு ஜோலார்பேட்டை யார்டில் நம்பர் டேக்கர் உத்தியோகம். இப்படி ஓர் உத்தியோகம் இருந்ததை இன்று சொன்னால் நம்ப ஆளில்லை. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓரமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு வேகனின் எண், அது எந்த ரயில்வேயைச் சேர்ந்தது, எங்கிருந்து எங்கே போகிறது, என்ன சரக்கு என்று நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ராத்திரியானால் கையில் விளக்கு, மழையானால் தலையில் சாக்கு. வீட்டுக்கு வந்தால் ஊர்க்கதை எதுவும் பேச மாட்டார். “பஞ்சாப் கோதுமை வந்துக்கீது, ஈரோட்டுக்குப் போவுது” என்பார். அதைவிட ருசியான சேதி அவருக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.

அன்றைய கூட்ஸ் வண்டி ஒரு சந்தை. ஒரு வேகன் மட்டும் பிடித்துச் சரக்கு அனுப்பலாம் என்பதால், ஒரே வண்டியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துச் சரக்குகள் கோத்துக்கொண்டு வரும். சேலத்து மேக்னசைட் வடக்கே இரும்பாலைகளுக்குப் போகும். அந்தக் கல்லுக்காகவே சேலத்துப் பக்கத்தில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அதை அடுத்து சங்ககிரி சிமென்ட், அதற்குப் பின்னால் குண்டூர் மிளகாய், மலையாளத்து ஓடு, சிங்கரேணி நிலக்கரி. நடுவில், வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று எழுதிய கரும்புப்பாகுக் கழிவு டேங்கர். கதவைத் திறக்காமலே மூக்கை வைத்துப் பாதிச் சரக்கைச் சொல்லிவிடலாம். மிளகாய் வேகனைத் தாண்டும்போது சித்தப்பா தும்மிக்கொண்டே எண் எழுதுவார்.

வேகனின் பக்கவாட்டில் சாக்கட்டியில் ஏ.ஜே.ஜே., ஈ.டி., டி.என்.பி.எம். என்று கிறுக்கியிருக்கும். அரக்கோணம், ஈரோடு, தண்டையார்பேட்டை யார்டு என்று அர்த்தம். அச்சில் கோளாறு கண்டால் ‘சிக்’ என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள், சரியானதும் ‘ஃபிட்’. கதவில் ஈய சீல், பக்கத்துக் கம்பிச் சட்டத்தில் செருகிய லேபிள் அட்டை. தானிய வேகன் நின்ற இடத்தில் வண்டி கிளம்பியதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தோடு வந்து சிந்தியதைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போவார்கள். யார்டில் எதுவும் வீணாகாது.

இதையெல்லாம் படம் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவர் கழித்துவிட்ட ஆக்ஃபா க்ளிக் த்ரீ பெட்டி கைக்கு வந்தது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். வெயில், மேகம் என்று இரண்டே சங்கதிதான் அதற்குத் தெரியும். போடுகிற பிலிம் பெரும்பாலும் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’. ஓடுகிற எதையும் அந்தக் கேமரா பிடிக்காது. ஷட்டர் மெதுவாக விழும், ஓடுகிற வேகன் வெறும் கோடாகிவிடும். அதற்காக நான் கவலைப்பட்டதே இல்லை, ஏனென்றால் அன்றைய கூட்ஸ் வண்டி ஓடியதை நான் பார்த்தது அபூர்வம். மெயில் போக வேண்டும், எக்ஸ்பிரஸ் போக வேண்டும், எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் பாசஞ்சர்கூட முந்திக்கொண்டு போக வேண்டும். அதுவரை கூட்ஸ் வண்டி லூப் லைனில் அசையாமல் நிற்கும். கல்யாண ஜோடிகூட அவ்வளவு நேரம் கேமராவுக்கு நிற்காது.

கழுவி எடுத்து வந்த படங்களை ஸ்டுடியோக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“ஏம்பா, பன்னண்டு படத்துல ஒரு மனுஷன் மூஞ்சி கூட இல்லியே?”

“அது மிளகா வேகன் சார். பக்கத்துல இருக்கறது கரி.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குது?”

அவர் சொன்னது உண்மைதான். கறுப்பு வெள்ளையில் குண்டூர் மிளகாய் மூட்டையும் சிங்கரேணி கரியும் ஒரே சாம்பல் நிறம். அதனால்தான் படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது: என்ன சரக்கு, எந்த ஊர், எந்தத் தேதி. வேகன் எண்ணைச் சித்தப்பா நோட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

சொந்த ஊரில் சித்தப்பா முகத்துக்காக விட்டுவிடுவார்கள். வெளியூர் போனால்தான் வினை. ஒரு பெரிய யார்டில், சாக்கட்டி எழுத்துகளை நெருக்கத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது, சீருடைக்காரர் ஒருவர் வந்து தோளைத் தொட்டார்.

“எந்த ஊர் நீ? யாருக்காக எடுக்கறே?”

“எனக்காகத்தான் சார்.”

“உனக்கு எதுக்குய்யா சிமென்ட் வண்டி?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. அவர் கேமராவின் முதுகைத் திறந்து, பிலிமை வெயிலில் முழ நீளத்துக்கு உருவிக் காட்டிவிட்டு, “போய் கோயில் கோபுரத்தை எடு” என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார். பாலங்களிலும் முக்கியமான யார்டுகளிலும் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்த காலம். ஆவடித் தொழிற்சாலையின் டாங்கிகள் தார்ப்பாய் போர்த்திப் போனதும் ரயிலில்தான். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் சிமென்ட் மூட்டையில் என்ன ராணுவ ரகசியம்? முறைப்படி அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ‘நோக்கம் என்ன, எந்தப் பத்திரிகைக்கு, அங்கிருந்து கடிதம் உண்டா’ என்று திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஆசைக்கு எந்தப் பத்திரிகையில் கடிதம் வாங்குவது?

நான் அனுமதிக்காகக் காத்திருந்த வருஷங்களில் வண்டியே மாறிவிட்டது. ஒற்றை வேகன்களைக் கோத்து, பிரித்து, மறுபடி கோத்து அனுப்புகிற அந்தச் சந்தை முறையில் ரயில்வேக்கு மூச்சு முட்டியது. 1980-81-ல் ஒரு வேகன் ஒரு தடவை சரக்கு ஏற்றி, இறக்கி, அடுத்த சரக்குக்குத் தயாராகச் சராசரியாகப் பதினைந்து நாள் பிடித்தது. பாதி நாள் யார்டில்தான் கிடக்கும். அதாவது, எனக்குப் படம் எடுக்க வாகாக நின்ற அந்த நிலைதான் தேசத்துக்கு நஷ்டம். 1980-ல் ரயில்வே வாரியத் தலைவராக வந்த எம்.எஸ். குஜ்ரால், ஏற்றினால் ஒரு வண்டி முழுக்க ஒரே சரக்கு, ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை நடுவில் பிரிப்பதே இல்லை என்று வழியை மாற்றினார். பதினைந்து நாள் மெல்ல மெல்ல ஐந்தாறு நாளாகச் சுருங்கியது. தேசம் பிழைத்தது. என் பொழுதுபோக்குதான் போனது.

நாலு சக்கர வேகன்கள் பழைய இரும்புக்குப் போயின. கரிக்கு ‘பாக்ஸ்-என்’, மூட்டைக்கு ‘பி.சி.என்.’ என்று எட்டுச் சக்கர வேகன்கள் வந்தன. ஐம்பத்தெட்டு வேகன் போனால் ஐம்பத்தெட்டும் ஒரே அச்சு. ஒன்றை எடுத்தால் போதும், மற்ற ஐம்பத்தேழுக்கும் பிலிம் மிச்சம். அதன்பிறகு 1988-ல் ரயில்வேயின் கன்டெய்னர் நிறுவனமான கான்கார் தொடங்கியது, கன்டெய்னர் பெருகியது. உள்ளே இருப்பது திருப்பூர் பனியனா, சீனத்து பொம்மையா, ஆம்பூர் செருப்பா என்று வாசனை பார்த்தும் சொல்ல முடியாது. வெளியே அழகான நிறங்கள், பளிச்சென்று கப்பல் கம்பெனிப் பெயர்கள். கறுப்பு வெள்ளை பிலிம் இருந்த காலத்தில் வேகனெல்லாம் துருச் சிவப்பு. கோடி நிறம் காட்டும் போன் வந்த காலத்தில் சரக்குக்குப் பர்தா.

இன்று ரயில் படம் எடுக்கும் பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். மேம்பாலத்தின் மேல் கும்பலாக நிற்கிறார்கள். தூரத்தில் வரும் எஞ்சினின் ஹாரன் சத்தத்தை வைத்தே ‘வேக்-9’, ‘வேக்-12’ என்று வகை சொல்கிறார்கள். 12,000 குதிரைசக்தி என்கிறார்கள். அது எந்த ஷெட், எப்போது வந்தது எல்லாம் மனப்பாடம். எஞ்சின் பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் போனை இறக்கிவிடுகிறார்கள்.

ஒரு பையனிடம் கேட்டேன்: “தம்பி, வண்டியில என்ன போவுது?”

“லோடு அங்கிள்.”

“என்ன லோடு?”

“கூட்ஸ் லோடு.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எஞ்சின் ஒன்றுதான் முகம் காட்டுகிறது. கேமராவோ, அம்பாய்ப் போகிற வண்டியை ஒரு துளிகூட அசங்காமல் நிறுத்திப் பிடிக்கிறது. ஆனால் வண்டி இப்போது படத்துக்கென்று நிற்பதில்லை. காலி நீள வண்டிகளெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகின்றன. இவ்வளவு வேகமாகப் போகிற வண்டிகளின் முழுப் பயணத்தையும் கூட்டிக் கழித்தால், சராசரி வேகம் பல பத்தாண்டுகளாக மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருந்துவந்தது என்பது வேறு கதை. என் கண்ணில் படாத எங்கோ ஒரு லூப் லைனில் இன்றும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

வண்டி படச் சட்டத்துக்குள் அடங்குவதும் இல்லை. 2022 சுதந்திர தினத்தன்று சத்தீஸ்கரில் ‘சூப்பர் வாசுகி’ என்று ஒன்றை ஓட்டினார்கள்: 295 வேகன், 27,000 டன் நிலக்கரி, மூன்றரை கிலோமீட்டர் நீளம். போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுக்கிற தலைமுறைக்கு ரயில்வே கொடுத்த சவால் அது. 2025-ல் பீகார், ஜார்க்கண்ட் பக்கம் ‘ருத்ராஸ்திரா’ என்று 354 வேகனில் நாலரை கிலோமீட்டருக்கு இன்னொன்று. நான் பத்திரிகைகளில் பார்த்ததெல்லாம் எஞ்சின் படம்தான்.

சரக்கையே பார்க்க முடியாது என்றும் சொல்லக் கூடாது. நாமக்கல் போனால் பார்க்கலாம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு 2013-ல் பாதை திறந்த பிறகு, அங்கே பீகாரிலிருந்து மக்காச்சோளம் வந்து இறங்குகிறது. நாற்பத்திரண்டு வேகன், இரண்டாயிரத்து அறுநூறு டன் என்று உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி போடுவார்கள். லோடுமேன்கள் மூட்டை சுமக்க, மஞ்சள் தூசு பறக்க, லாரிகள் வரிசையில் நிற்க, அது பழைய யார்டின் மிச்சம். எல்லாம் கோழிக்குத் தீவனம். கோழி சாப்பிடுவது ரயிலில் வருகிறது, கோழி போட்ட முட்டை லாரியில் போகிறது. நான் போனை எடுத்ததும் பிலிமை உருவ யாரும் வரவில்லை. இரண்டு லோடுமேன்கள் தலையில் மூட்டையோடு நின்று சிரித்து, “அண்ணே, ஸ்டேட்டஸ் வெக்கறதுக்கா? நமக்கும் அனுப்புங்க” என்று நம்பர் கொடுத்தார்கள். எதற்காக எடுக்கிறாய் என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது.

வாலாஜாபாத்தில் பார்த்தது இன்னும் வினோதம். அங்கே புதுக் கார்களை ரயிலில் ஏற்றுகிறார்கள். அதற்கென்றே செய்த வேகன்கள் உண்டு. வயசான பயணிகள் பெட்டிகளை மாற்றியமைத்த ‘என்.எம்.ஜி.’ வேகன்களும் உண்டு. சீட்டுகளைப் பிடுங்கி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, முனையில் அகலக் கதவு வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளில்தான் என் தலைமுறை ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டு, சண்டை பிடித்து, கழிவறை ஓரத்தில் குந்தி ஊர் போய்ச் சேர்ந்தது. இப்போது அதே பெட்டியில் கார் உட்கார்ந்து போகிறது. இடம் உறுதி. யாரும் எழுப்ப மாட்டார்கள்.

என் பழைய வயிற்றெரிச்சலுக்கெல்லாம் பதில் சொன்னது 2019. சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது டேங்கர் வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு வண்டி புறப்பட்டது. எத்தனையோ வருஷமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத எங்கள் ஊர் யார்டைச் சுற்றி டி.வி. வண்டிகள். டேங்கரில் குழாய் மாட்டுவது நேரலை, மூடியை மூடுவது நேரலை. வில்லிவாக்கத்தில் அமைச்சர்கள் வந்து வரவேற்றார்கள். 1837-ல் கல்லுக்குக் கிடைக்காத மரியாதை, 182 வருஷம் கழித்துத் தண்ணீருக்குக் கிடைத்தது. என்ன சரக்கு என்று தமிழ்நாடே அறிந்திருந்த ஒரே கூட்ஸ் வண்டி அதுவாகத்தான் இருக்கும். மழை வந்தது, கேமராக்கள் போய்விட்டன.

சித்தப்பா பார்த்த உத்தியோகம் இப்போது இல்லை. இன்று வேகனுக்குப் பதினோரு இலக்க எண். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயின் சொத்து, அதற்கடுத்த இரண்டு செய்த வருஷம், பிறகு நான்கு அதன் சொந்த எண். கடைசி இலக்கம், எழுதியவர் தப்பாக எழுதினாரா என்று காட்டிக்கொடுக்க. அந்த எண்ணை எழுதவே ஆள் வேண்டாம் என்று வேகனில் சில்லு ஒட்டி, தண்டவாளத்தோரம் அதைப் படிக்கும் கருவியை வைக்கிறார்கள். ஓடுகிற வண்டியின் அடிப்பாகத்தைப் படம் பிடித்து, எங்கே போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்லும் கேமராக்களும் வரத்தொடங்கிவிட்டன. ஒரு காலத்தில் ஒரு வேகனைப் படம் எடுத்ததற்கு என் பிலிம் வெயிலில் காய்ந்தது. இன்று ரயில்வேயே தன் வேகன்களை விடாமல் படம் எடுக்கிறது. நோக்கம் என்ன என்று அந்தக் கேமராவை யாரும் கேட்பதில்லை.

கடைசிப் பெட்டியில் கொடி காட்டிக்கொண்டு போவாரே கார்டு, அவருக்கு 2022 ஜனவரி முதல் ‘ட்ரெய்ன் மேனேஜர்’ என்று பதவிப் பெயர். பெயர் பெரிதாகியிருக்கும் இதே சமயத்தில், கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டிவிட்டு அவருடைய பெட்டியையே எடுத்துவிடும் ஏற்பாடும் நடக்கிறது.

சுதந்திரம் வந்த புதிதில் நாட்டின் சரக்கில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ரயிலில்தான் போனது. இன்று முப்பதுக்கும் குறைவு. ஆனால் டன் கணக்கில் பார்த்தால் 1950-51-ல் சுமார் 7 கோடி டன் சுமந்த ரயில்வே, 2022-23-ல் 150 கோடி டன்னைத் தாண்டியது. அதில் பாதி நிலக்கரி. அதாவது, நம் வீட்டு விளக்கு எரிவது இன்றும் கூட்ஸ் வண்டியால்தான். இந்தப் பெரிய சங்கதி நம் போன்களில் ஒன்றிலும் இல்லை. எஞ்சின் மட்டும்தான் இருக்கிறது.

படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடித்துக்கொள்கிறேன். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டி மோதினால் எந்தப் பிரிவும் உதவாது. மேம்பாலம் போதும், கூட்ஸ் ஷெட் வாசல் போதும். எஞ்சின் போன பிறகும் போனை இறக்காதீர்கள். மூட்டை இறக்குகிறவர்களையும் சேர்த்து எடுங்கள், அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். படத்தோடு என்ன சரக்கு, எந்த ஊர், எந்தத் தேதி என்று மூன்றே மூன்றை எழுதி வையுங்கள். ஐம்பது வருஷம் கழித்து இந்த ஊர் எதைத் தின்றது, எதை எரித்தது, எதை வைத்து வீடு கட்டியது என்று கேட்பவனுக்கு எஞ்சின் படத்தில் விடை இருக்காது.